பாசம் பதறும், பயிற்சி காப்பாற்றும்!

(தலைப்பு: ஆபத்து நேரத்தில் உயிரைக் காப்பது பாசமா? பயிற்சியா? 'பயிற்சியே' என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! என் அணியின் நண்பர்களே! எதிரணியில் இருந்துகொண்டு எங்களையும் பாசத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும் தோழர்களே! (சிரிப்பு) அரங்கம் நிறைந்த பெரியோர்களே, தாய்மார்களே! பண்டிகைப் பலகாரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கும் நேயர்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி அருமையாகப் பேசினார். "பெத்த பிள்ளை கிணத்துல விழுந்தா, நீச்சல் தெரியுமா தெரியாதான்னு தாய் யோசிக்க மாட்டா, குதிச்சுடுவா! அதுதான் பாசம்!" என்றார். நீங்களெல்லாம் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது. தம்பி, குதிச்ச தாய்க்கு நீச்சல் தெரியாதே! கிணத்துக்குள்ள இப்ப எத்தனை பேரு? (சிரிப்பு, கைதட்டல்)

சிரிக்கிற விஷயம் இல்லைங்க இது. ஆடிப்பெருக்கு, கோடை விடுமுறை, கோயில் திருவிழா முடிந்த மறுநாள் செய்தித்தாளைப் பாருங்கள். ஒருவர் தவறி விழுந்தார், காப்பாற்றப் போன இன்னொருவரும் இறந்தார், அவரைக் காப்பாற்றப் போன மூன்றாமவரும் இறந்தார். அந்த இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் பாசத்தில் என்ன குறை? ஒரு குறையும் இல்லை. குறைந்தது ஒரு கயிறு. கயிற்றை வீச வேண்டும் என்கிற அறிவு. அதைத்தான் எங்கள் அணி பயிற்சி என்கிறது.

நடுவர் அவர்களே, நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள். அதனால் ஒரு சின்னப் பாடம் நடத்திவிட்டுத்தான் வாதத்துக்கு வருவேன்.

நடுவர்: நடத்துங்கம்மா. ஆனா பெல் அடிக்கிறது நான்தான். (சிரிப்பு)

நம் உடம்பு எடையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் நாம் இழுக்கிற பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை மாதிரி, ஆள் ஒருத்தர், சாப்பாடு மட்டும் அஞ்சு பேருக்கு! (சிரிப்பு) அந்த மாப்பிள்ளைக்கு இரண்டு பதார்த்தம் தவறாமல் வேண்டும். ஒன்று பிராணவாயு. இன்னொன்று ரத்தத்தில் வருகிற சர்க்கரை. இரண்டையும் நாளைக்கு ஆகும் என்று மூளை சேர்த்து வைத்துக்கொள்ளாது. அவ்வப்போது வந்தாக வேண்டும். தண்ணீரில் மூழ்கியவருக்கு முதலாவது நின்றுபோகிறது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிடாமல் இருந்தவருக்கு இரண்டாவது குறைந்துபோகிறது. இரண்டிலும் பக்கத்தில் நிற்பவர் யார்? டாக்டர் இல்லை. அம்மா, மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் அவர்கள்தான் ஆஸ்பத்திரி!

இது புதுசாக நான் சொல்வதல்ல. திருவள்ளுவர் மருந்து என்கிற அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயாளி ஒன்று, மருத்துவர் இரண்டு, மருந்து மூன்று. நாலாவதாக, பக்கத்தில் இருந்து மருந்தைக் கொடுப்பவர். பக்கத்தில் உட்கார்ந்து அழுபவரை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை! (கைதட்டல்)

இப்போது வாதத்துக்கு வருகிறேன். முதலில் சர்க்கரை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆதரவளித்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்றது. இந்த அரங்கத்தில் கை தூக்கச் சொன்னால் தெரியும். வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சம்சாரம் பார்த்துக்கொண்டிருப்பார். (சிரிப்பு)

அந்தச் சம்சாரத்தின் பாசத்தைப் பாருங்கள். இருபது வருஷமாகச் சர்க்கரை டப்பாவை ஒளித்து ஒளித்து வைத்த கை அது. ஒரு அமாவாசை விரதம். ஐயா காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டார். சாப்பாடு கிடையாது. பதினோரு மணிக்கு உடம்பு வேர்க்கிறது. கை நடுங்குகிறது. படபடப்பு. காரணமில்லாமல் எரிந்து விழுகிறார். பேச்சு குழறுகிறது. பேத்தி சொல்கிறாள், "பாட்டி, தாத்தாவுக்குச் சர்க்கரைத் தண்ணி குடு!" பாட்டி என்ன சொல்வார்? "ஐயையோ! சர்க்கரை நோய்க்காரருக்குச் சர்க்கரையா? கொல்லப் பாக்குறியா?" (சிரிப்பு)

இது பாசமா இல்லையா? சுத்தமான பாசம்! ஆனால் இந்த நிமிஷத்தில் அந்தப் பாசம்தான் எதிரி. சர்க்கரை நோய்க்காரருக்குச் சர்க்கரையே மருந்தாகிற நேரம் ஒன்று உண்டு. ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் அது தாழ்சர்க்கரை. வீட்டில் சோதிக்கிற கருவி இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் அதைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். நினைவு இருந்து, விழுங்க முடிகிறதா? மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். குளுக்கோஸ் இருந்தால் குளுக்கோஸ். இல்லையென்றால் அரை டம்ளர் பழச்சாறு. பதினைந்து நிமிஷம் பொறுங்கள். தெளியவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ கொடுங்கள். இல்லாவிட்டால் ஏறின சர்க்கரை மறுபடி இறங்கிவிடும். மாத்திரையால் வந்த தாழ்சர்க்கரை பல மணி நேரம் கழித்தும் திரும்பி வரலாம். அதனால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

சாக்லேட் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். அதில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். 'சுகர் ஃப்ரீ' என்று எழுதின பானம் இந்த நேரத்துக்கு உதவாது. பேரிலேயே சர்க்கரை இல்லை என்று எழுதியிருக்கிறானே! (சிரிப்பு)

நம்ம ஊரில் ஒருவர் மயங்கினால் முதல் வேலை என்ன? சோடாவை உடைத்து மூஞ்சியில் அடிப்பது! நம் சினிமா கற்றுக்கொடுத்த முதலுதவி. நான் சொல்கிறேன், நினைவு தப்புவதற்கு முன்னால் அதே கடையில் ஒரு இனிப்புக் கலரை வாங்கி வாயில் கொடுங்கள். சோடாவுக்கு வேலையே இருக்காது. (கைதட்டல்) வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். சாவி பூட்டைத் திறக்கும். மூளையைத் திறக்குமா?

ஆனால் ஒன்று, இதைக் கவனமாகக் கேளுங்கள். நினைவு தப்பிவிட்டதென்றால் வாயில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. சர்க்கரைத் தண்ணீரும் கூடாது, காபியும் கூடாது, கோயில் தீர்த்தமும் கூடாது. மயங்கினவரால் விழுங்க முடியாது. ஊற்றினது மூச்சுக்குழாய்க்குள் போகும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருங்கள்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. சர்க்கரை மிக அதிகமாக ஏறிப்போவது. தாழ்சர்க்கரை நிமிஷத்தில் வரும். இது மணிக்கணக்கில், நாள்கணக்கில் வரும். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்று வலி, ஆழமாக இழுத்து இழுத்து விடுகிற மூச்சு, மூச்சில் பழுத்த பழவாடை. இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. நேராக ஆஸ்பத்திரிதான். இன்சுலின் போட்டுக்கொள்கிற குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், "இன்னைக்குச் சரியா சாப்பிடலையே, ஊசி வேண்டாம்" என்று பாசத்தில் தானாக நிறுத்தக் கூடாது. டாக்டரைக் கேட்டுத்தான் அளவை மாற்ற வேண்டும்.

ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று தெரியவில்லை, ஆளுக்கு நினைவு இருக்கிறது, விழுங்க முடிகிறது. அப்போது என்ன செய்வது? இனிப்பையே கொடுங்கள். ஏறின சர்க்கரையோடு இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் உடனே பெரிய கெடுதல் வந்துவிடாது. இறங்கின சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. ஆனால் சந்தேகத்தில் இன்சுலின் ஊசி மட்டும் போட்டுவிடாதீர்கள்.

எதிரணி அக்கா ஒரு கேள்வி கேட்டார்கள்: "பாசமே இல்லாத இடத்தில் பயிற்சி எப்படி வரும்?" அக்கா, நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எந்த ஊர் பஸ் என்பது வேண்டாம். சாயங்கால நேரம், நல்ல கூட்டம். ஐம்பது வயசுக்காரர் ஒருவர், சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்திருக்கிறது. டிக்கெட் கேட்டால் என்னவோ உளறுகிறார். நிற்க முடியவில்லை. "தண்ணியைப் போட்டுட்டு ஏறிட்டான்யா, இறக்கி விடு!" என்று நாலு பேர். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். அப்போது ஒரு கல்லூரிப் பெண் பக்கத்தில் போனாள். சாராய வாடை இல்லை. "அப்பா, உங்களுக்குச் சுகர் இருக்கா?" என்று கேட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். சட்டைப் பையைக் காட்டினார். உள்ளே மாத்திரை அட்டை. அந்தப் பெண் தன் பையிலிருந்த மாம்பழச்சாற்றை எடுத்து மெதுவாகக் குடிக்க வைத்தாள். கால் மணி நேரத்தில் அந்த மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்து, தான் இறங்க வேண்டிய ஊர்ப் பெயரைத் தெளிவாகச் சொன்னார். சொல்லிவிட்டு அழுதுவிட்டார்.

நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன், "எப்படிம்மா தெரிஞ்சுது?" அவள் சொன்னாள், "காலேஜ்ல நாட்டு நலப்பணித் திட்ட முகாம்ல ஒரு நாள் முதலுதவி சொல்லிக் குடுத்தாங்கம்மா." ஒரே ஒரு நாள்! அந்த மனிதருக்கும் இந்தப் பெண்ணுக்கும் என்ன உறவு? என்ன பாசம்? பஸ்ஸை நிறுத்தி இறக்கி விட்டிருந்தால் இருட்டில் சாலையோரம் அவர் கதி என்ன? நடுவர் அவர்களே, காப்பாற்றியது எது? (நீண்ட கைதட்டல்)

இனி தண்ணீருக்கு வருகிறேன்.

மூழ்குகிறவர் "காப்பாத்துங்க! காப்பாத்துங்க!" என்று கத்துவார், கையை ஆட்டுவார் என்று நினைக்கிறோம். அதுவும் சினிமா! உண்மையில் பெரும்பாலும் சத்தமே வராது. மூச்சுக்கே வழியில்லாதவர் எங்கே கத்துவது? வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய் வரும். பத்தடி தூரத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. சின்னக் குழந்தைக்கு ஆறு வேண்டாம், கடல் வேண்டாம். குளியலறையில் பாதி நிறைந்த பக்கெட் போதும். தலைகுப்புற விழுந்தால் எழத் தெரியாது. அதனால்தான் தண்ணீர்ப் பக்கம் குழந்தை போனால் கத்துகிறதா என்று காதால் கேட்காதீர்கள், கண்ணால் பாருங்கள் என்கிறோம்.

பெரியவர்கள் மூழ்கினால்? குதிக்காதீர்கள். முதலில் சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு நீளக் கழியை நீட்டுங்கள். கயிறு இல்லையா? இரண்டு வேட்டியை முடிந்து வீசுங்கள். புடவையை வீசுங்கள். மூடி இறுக்கமாக மூடின காலி பிளாஸ்டிக் கேன், காற்றடித்த டயர் ட்யூப், எது மிதக்குமோ அதை எறியுங்கள். மூழ்குகிறவர் கையில் எது சிக்கினாலும் விடமாட்டார். சிக்குவது உங்கள் கழுத்தாக இருந்தால் உங்களையும் விடமாட்டார்!

அடுத்து நான் சொல்லப் போவது கொஞ்சம் கனமான விஷயம். எனக்குப் பத்து வயசு இருக்கும். எங்கள் ஊரில் தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஒரு பையனைத் தூக்கினார்கள். என் வகுப்புப் பையன். ஊரே கூடிவிட்டது. ஒருவர் அவனைத் தலைமேல் குப்புறப் போட்டுச் சுற்றினார். அவர் களைத்ததும் இன்னொருவர் வாங்கிச் சுற்றினார். ஒருவர் வயிற்றை அமுக்கினார். தண்ணீர் வந்தது. "வருது, வருது, இன்னும் சுத்து!" என்றார்கள். அவன் அம்மா மண்ணில் புரண்டு அழுதார்கள். கால் மணி நேரம், இருபது நிமிஷம். தண்ணீர் வந்தது. பையன் வரவில்லை.

(அரங்கில் அமைதி)

அந்த ஊரில் பாசத்துக்கா பஞ்சம்? சுற்றினவர்கள் எல்லாரும் அவனைத் தூக்கி வளர்த்தவர்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனுக்குக் குறைந்தது காற்று. அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தது வயிற்றுத் தண்ணீரை. வயிற்றை அமுக்கினால் அந்தத் தண்ணீரும் சோறும் மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போகும். இருக்கிற கொஞ்ச வழியும் அடைபடும். காற்று இல்லாமல் நாலைந்து நிமிஷம் போனாலே மூளை கெட ஆரம்பிக்கும். சுற்றுகிற ஒவ்வொரு சுற்றும் அந்த நிமிஷத்தைத் தின்கிறது.

நம்ம ஊர்க்காரர்கள்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். மூழ்கினவர்களைக் காப்பாற்றவே 1767-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சங்கம் வைத்தார்கள். 1774-இல் லண்டனில் ஒன்று. வாயோடு வாய் வைத்து ஊதலாம் என்று அப்போதே சொன்னார்கள். நல்ல யோசனை! ஆனால் கூடவே இன்னொன்றும் செய்தார்கள். புகையிலைப் புகையை... எப்படிச் சொல்வது... மூழ்கினவரின் பின்பக்கமாக உள்ளே ஊதினார்கள்! (பெரும் சிரிப்பு)

நடுவர்: அம்மா, குடும்பத்தோட பார்க்கிற நிகழ்ச்சிம்மா! (சிரிப்பு)

வரலாறுங்க ஐயா, நான் என்ன செய்ய! அதற்கென்றே துருத்தியும் குழாயும் வைத்திருந்தார்கள். அவர்களுக்கும் பாசம் இருந்தது, ஆர்வம் இருந்தது. எது உதவும், எது கெடுக்கும் என்று பார்த்துப் பார்த்துத் தள்ளித்தான் இன்றைய முறை வந்தது. நெஞ்சை வெளியிலிருந்தே அழுத்தி நின்ற இதயத்துக்கு உதவலாம் என்று 1960-இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இன்று உலகமெங்கும் சொல்லித் தருவது அந்த வழிதான்.

சொல்கிறேன், மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். மூழ்கினவரைக் கரையில் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். மூச்சு இருக்கிறதா பாருங்கள். விட்டு விட்டு விக்கல் மாதிரி இழுத்தால் அது மூச்சு ஆகாது. ஒருவர் 108-க்குப் பேசட்டும். நீங்கள் தனி ஆள் என்றால் செல்போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதுங்கள். சில நாடுகளில் முதலில் ஐந்து முறை என்று சொல்லித் தருகிறார்கள். நெஞ்சு எழும்புகிறதா பாருங்கள். மூழ்கினவருக்கு முதல் மருந்து காற்று. பிறகு நெஞ்சின் நடுவில் கையை வைத்து, ஒரு கைமேல் ஒரு கை, இரண்டு அங்குலம் இறங்கும்படி முப்பது முறை அழுத்துங்கள். சுவர்க் கடிகாரம் ஒரு தரம் டிக் என்பதற்குள் இரண்டு அழுத்து, கிட்டத்தட்ட அந்த வேகம். மறுபடி இரண்டு மூச்சு. மறுபடி முப்பது. சின்னக் குழந்தைக்கு ஒரு கை போதும், நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் போதும். வாயில் நுரை வந்தால் துடைத்துக்கொண்டே உட்காராதீர்கள், தொடருங்கள். வாந்தி வந்தால் மட்டும் பக்கவாட்டில் திருப்பி வாயைச் சுத்தம் செய்யுங்கள். ஆள் வரும்வரை நிறுத்தாதீர்கள். ஊத முடியாதவர்கள் அழுத்தவாவது செய்யுங்கள். சும்மா நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பிழைத்துவிட்டாரா? "எல்லாம் சரியாப் போச்சு, வீட்டுக்குப் போகலாம்" என்று கூட்டிப் போகாதீர்கள். தண்ணீர் உள்ளே போன நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் மோசமாகலாம். கட்டாயம் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

இதை நான் பேசிக் கேட்டால் போதாது. கையால் செய்து பழக வேண்டும். முதலுதவி வகுப்பில் பொம்மையை வைத்துச் சொல்லித் தருவார்கள். ஒரு நாள் போங்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க ஊர் ஊராக நாலு நாள் அலைகிறோமே, இதற்கு ஒரு நாள் ஒதுக்க மாட்டோமா?

நடுவர்: அம்மா, ஒரு நிமிஷம்தான் இருக்கு.

முடிச்சிடறேன் ஐயா. நவம்பர் 14 நமக்குக் குழந்தைகள் தினம். அதே நாள் உலக நீரிழிவு தினமும்கூட. இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பேன்டிங் 1891-இல் பிறந்த நாள் அது. ஜூலை 25, நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாள் என்று ஐக்கிய நாடுகள் சபை 2021-இல் அறிவித்தது. 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 3 லட்சம் பேருக்கும் அழ ஆள் இருந்திருக்கும். அழுத்த ஆள் இருந்ததா?

நான் பாசத்துக்கு எதிரி இல்லை. பாசம் ஓடி வரட்டும், முதல் ஆளாக ஓடி வரட்டும். ஓடி வந்த கைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கட்டும், அவ்வளவுதான். இந்த நிகழ்ச்சி முடிந்ததும் வீட்டில் நாலு வேலை செய்யுங்கள். ஒன்று, ஒளித்து வைத்த சர்க்கரை டப்பா எங்கே என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். இரண்டு, சர்க்கரை நோய்க்காரர் சட்டைப் பையில் பெயர், மாத்திரை விவரம், ஒரு குளுக்கோஸ் பொட்டலம் வைத்து அனுப்புங்கள். மூன்று, குளியலறைப் பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள், தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள். நாலு, கிணறு இருந்தால் பக்கத்தில் ஒரு நல்ல கயிற்றை மாட்டி வையுங்கள். இந்த நாலும் பாசம்தான், நடுவர் அவர்களே. ஆனால் முன்கூட்டியே கற்றுக்கொண்ட பாசம்!

அப்படிக் கற்றுக்கொண்ட பாசத்துக்குப் பெயர்தான் பயிற்சி. எனவே, ஆபத்து நேரத்தில் உயிரைக் காப்பது பயிற்சியே, பயிற்சியே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.

(கைதட்டல்)